வாயிற்படியும் பாதரட்சையும்

ஒரு குலத்தாரின் மேன்மை அவர் எடுப்பித்த மாடங்களாலும் அணிந்த பொன்னாலும் அறியப்படுவதன்று. தம் வாயிலில் வந்து நிற்பாரை அவர் எங்ஙனம் ஏற்கின்றனர், பிறர் வாயிலிற் சென்று நிற்குங்கால் தாம் எங்ஙனம் ஒழுகுகின்றனர் என்னும் இரண்டினாலுமே அறியப்படும். இவ்விரண்டிற்கும் உரைகல்லாய் நிற்பது ஒரு சிறு பொருள்; அது நம் காலிற் கிடக்கும் செருப்பேயாம்.

இதுபற்றிய பேச்சு நம் சமூகத்தாரிடையே சில காலமாக மிகுந்து வருகின்றது. “இக்காலத்துப் பிள்ளைகள் சோடு அணிந்த காலோடு நடுவீடு வரை வந்துவிடுகின்றனர், பெரியோர் சிறியோர் என்னும் மதிப்பே போய்விட்டது” என்று முதியோர் வருந்துகின்றனர். “எளியவன் வந்தால் வெளியிலேயே கழற்று என்கிறீர்கள், மோட்டாரில் வந்து இறங்குபவரைக் கண்டால், பரவாயில்லை, அப்படியே வாருங்கள் என்கிறீர்கள், இஃது என்ன நியாயம்?” என்று இளைஞர் வினவுகின்றனர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வெவ்விடத்து எவ்வாறு திரிந்தது என்பதனைச் சரித்திர வாயிலாக நோக்கினால் இருவர் வழக்கும் தீரும் எனக் கருதி இக்கட்டுரையை வரையலாயினோம்.

தமிழர் காலணி அறியாதவர் அல்லர். தொடுதோல், செருப்பு, மிதியடி, பாதரட்சை, பாதுகை, பாதக்குறடு எனப் பல பெயர்கள் நம் மொழியில் வழங்குகின்றன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, நெடுவழிச் செல்லும் வணிகர் காலணி பூண்டிருந்தமையைக் கூறுகின்றது. போர்த்துக்கேசியர் இந்நாட்டிற்கு வந்த பின்னர் அவர் மொழியினின்று சப்பாத்து என்னும் சொல்லும் நம் வழக்கில் ஏறிற்று. ஈழத்துத் தமிழர் இன்றும் அதனையே வழங்குகின்றனர். எனவே, செருப்பின்றி வீட்டிற்குள் நுழைதல் என்பது செருப்பில்லாமையால் வந்த வழக்கம் அன்று. இருந்தும் கழற்றி வைத்தலால் வந்த வழக்கம்.

அதற்குக் காரணம் நம் தரையே. மேலைநாட்டார் நாற்காலியில் அமர்ந்து, மேசையில் உண்டு, கட்டிலில் துயில்வர். தரை அவர்க்கு நடக்கும் இடம் மட்டுமே. நமக்கோ தரையே ஆசனம்; இலையிட்டு உண்பதும் தரையில்; பாய்விரித்து உறங்குவதும் தரையில்; தவழும் குழவி கை ஊன்றுவதும் அத்தரையிலேயே. நாள்தோறும் மெழுகிக் கோலமிட்ட வாயிலைத் தெருப்புழுதியோடு மிதித்தல் அவ்வீட்டாரின் இலையை மிதித்தலை ஒக்கும். ஆகவே வந்தவர் தம் செருப்பைத் திண்ணையருகே விட்டுச் செம்புநீரால் கால் கழுவிப் புகுவர். இல்லத்தார் தாமே நீர் மொண்டு கொடுத்தல் விருந்தோம்பலின் முதற்படியாயிற்று. விருந்தினர் கழற்றுவதும் இல்லத்தார் நீர் தருவதும் ஒன்றற்கொன்று விடையாய் அமைந்த இருபாற் கடமைகள் என்பதனை நம் அன்பர்கள் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நெய்தல் நிலத்தவராகிய நமக்கு இவ்வழக்கம் வீட்டோடு நிற்பதன்று. கட்டுமரத்தின்மேல் நம் முன்னோர் செருப்பணிந்து ஏறியதில்லை. நனைந்த மரத்தில் வெறுங்காலே பற்றி நிற்கும் என்பது ஒரு காரணம். உயிரைத் தாங்கும் மரத்தைத் தாயாக எண்ணியது மற்றொரு காரணம். உலர்த்திய வலையைச் செருப்புக் காலால் தாண்டுவோரைப் பெரியோர் கண்டிப்பதை நம்மிற் பலரும் கேட்டிருப்பர். ஆயினும் கரையில் வெறுங்காலோடு திரிதலே சிறப்பு என்று கருதற்க. ஈரமண்ணில் உள்ள கொக்கிப்புழு காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும். சென்ற நூற்றாண்டின் 1920-களில் சென்னை மாகாணத்தில் இந்நோயை ஒழிக்க ராக்பெல்லர் அறநிலையத்தார் துணையுடன் ஒரு பெருமுயற்சியே நடந்தது. ஆதலின் வெளியிற் செருப்பு அணிதலும் உள்ளே கழற்றலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழு ஒழுக்கம்.

இனி, நம் புராணங்கள் செருப்பை இழிந்த பொருளாக மட்டும் காட்டுகின்றனவா என்று நோக்குவோம். இராமனுடைய பாதுகைகளை அரியணையில் வைத்து, பதினான்கு ஆண்டு நந்திக்கிராமத்திலிருந்து பரதன் அரசு நடத்தினான். பெருமாள் கோயில்களில் அடியார் தலையில் வைக்கப்பெறும் சடாரியின்மேல் இறைவன் திருவடிகளே பொறிக்கப்பட்டுள்ளன. காளத்தியில் வேடராகிய கண்ணப்பர் செருப்பணிந்த காலோடு சிவபெருமான் திருமேனியை அணுகினார். முன்னர்ச் சூட்டியிருந்த மலர்களை அச்செருப்புக் காலாலேயே நீக்கினார். சிவகோசரியார் கண்டு பதைத்த அச்செயலை இறைவன் அன்பென ஏற்றான் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தனர். மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் அதனைப் போற்றினர். அறுபத்து மூவருள் நம் பரதவர் குலத்தவராகிய நாகை அதிபத்தரை அறிந்த நமக்கு, கண்ணப்பர் கதையின் பொருள் விளங்காமற் போகாது. உள்ளன்பு உள்ள இடத்துச் செருப்புக் குற்றமாகாது. அஃது இல்லாத இடத்து வெறுங்காலும் மதிப்பாகாது.

பிற நாட்டாரிடத்தும் இவ்வழக்கம் உண்டு. எரியும் முட்செடியின் அருகே, நீ நிற்குமிடம் பரிசுத்த பூமி, காலணியைக் கழற்று என மோசேக்குக் கட்டளை பிறந்ததாக விவிலியம் கூறும். மசூதிக்குள் எவரும் காலணியோடு செல்வதில்லை. யப்பானியர் தம் வீட்டு வாயிலில் இதற்கென்றே தாழ்வான ஓர் இடம் அமைத்து, ஆங்கே காலணியை விட்டு, உயர்ந்த தளத்தில் ஏறி உள்ளே செல்வர். அவ்வீட்டிற்கு வருவோர் செல்வராயினும் வறியராயினும் விதி ஒன்றே. பொது விதியாக நிற்குமிடத்து இவ்வழக்கத்தால் எவருக்கும் இழிவு நேர்வதில்லை.

இழிவு எப்போது நேர்ந்தது? ஒருவன் கழற்ற, மற்றொருவன் கழற்றாமல் நின்றபோது நேர்ந்தது. இதனை நம் கடற்கரையே கண்டிருக்கின்றது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதன் முன்னர், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். துறைமுக வேலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1875-ஆம் ஆண்டிலேயாம். அதுவரை அலைகடந்து மனிதரையும் சரக்கையும் கரைசேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். அவற்றைச் செலுத்தியோர் நம்மவரும் நம்மைப் போன்ற கடலோடிகளும் ஆவர். படகு கரையருகே வந்ததும் துரைமாரின் பூட்ஸ் நனையாதிருக்க, படகோட்டிகள் அவரைத் தோளிலும் நாற்காலியிலும் சுமந்து உலர்ந்த மணலில் இறக்குவர். சுமந்தவர் கால் வெறுங்கால். சுமக்கப்பட்டவர் காலில் பூட்ஸ். உழைத்துக் கூலி பெற்றதில் இழிவில்லை. ஆயின் அவ்வாறு கரையேறிய பூட்ஸ், பின்னர் இந்நாட்டார் சபைகளில் நடந்துகொண்ட விதமே நாம் நோக்கற்பாலது.

1854-இல் கல்கத்தாவிலிருந்த ஆளுநர் நாயகத்தின் சபையார், ஐரோப்பிய முறையிலமைந்த பூட்ஸ் அணிந்து வரும் இந்தியக் கனவான்கள் அரசாங்க வைபவங்களில் அவற்றைக் கழற்ற வேண்டுவதில்லை என ஓர் ஆணை பிறப்பித்தனர். நாட்டுச் செருப்பு அணிந்து வருவோர் பழைய வழக்கப்படி கழற்றியே ஆதல் வேண்டும். ஈண்டு மதிக்கப்பட்டது மனிதனும் அன்று, தரையின் தூய்மையும் அன்று; செருப்பின் சாதியே மதிக்கப்பட்டது! 1862-இல் சூரத்து நகரத்து நீதிசபையில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்னும் பார்சியர் காலணியைக் கழற்ற மறுத்தமையால் எழுந்த பூசல் நாடெங்கும் பேசப்பட்டது. 1874-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள், பெரும்புலவராகிய ஈசுவரசந்திர வித்தியாசாகரர் கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டியும் காட்சிச்சாலையும் இருந்த கட்டடத்திற்குச் சென்றார். அவர் காலில் நாட்டுச் செருப்பு இருந்தது. ஆங்கிலச் சோடு அணிந்தார் தடையின்றி உட்செல்ல, அவரை மட்டும் காவலன் தடுத்துச் செருப்பைக் கழற்றுமாறு கூறினான். அவர் சினந்து கூச்சலிடவில்லை. திரும்பிச் சென்று, இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன என்று மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். தம் செருப்பைக் கழற்ற அவர் நாணியவர் அல்லர். தம் வீட்டில் நாள்தோறும் கழற்றியவரே. ஒரே வாயிலில் இருவேறு விதி இருத்தலையே அவர் மறுத்தார்.

இதற்கு ஓராண்டு முன்னர், நம் தமிழ்நிலத்திலேயே, புதுச்சேரியில் நிகழ்ந்ததொரு வழக்கு இதனினும் பெரிது. அந்நகர் அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் 1873-இல் ஐரோப்பியச் சோடு அணிந்து நீதிமன்றம் புகுந்தார். இந்தியர் காலணியோடு மன்றத்துள் வருதல் வழக்கமன்று எனக் கூறி நீதிபதி அவரைத் தடுத்துத் தண்டித்தார். சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றனையும் தம் கொள்கையாகப் பறைசாற்றிய நாட்டாரின் நீதிமன்றம் அஃது என்பதனை மறத்தலாகாது. வெள்ளைக்கார வழக்கறிஞர் அதே மன்றத்தில் சோடு அணிந்தே வாதாடினர்.

பொன்னுத்தம்பியார் பணியவில்லை. கடல்கடந்து பாரிசு நகரத்து உயர்நீதி மன்றத்தில் முறையிட்டார். ஆங்கு அவர் பக்கமே நியாயம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு சோடி காலணிக்காக இத்துணைத் தொலைவு செல்லல் வேண்டுமா என்று அக்காலத்துச் சிலர் நகைத்திருத்தல் கூடும். ஆயின் அவ்வழக்கின் பயன் காலணியோடு நிற்கவில்லை. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தம் சாதிமதங்களுக்குரிய தனிச்சட்டத்தைத் துறக்க விரும்புவோர், எச்சாதியார் எம்மதத்தார் ஆயினும், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என அது கூறிற்று. அவ்வாறு துறந்தோருக்குத் தலைவராய் நின்றவர் பொன்னுத்தம்பியாரே. துறந்தோர் புதுக்குடும்பப் பெயர் பூணல் வேண்டும் என்பது விதி. அவர் பூண்டது லாபோர்த் என்பது. பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயில் என்று பொருள். வாயிலில் தடுக்கப்பட்டவர் அப்பெயரையே பூண்டமை நம் சிந்தைக்குரியது.

பர்மாவிலோ இவ்வழக்குத் தலைகீழாய் நடந்தது. நம் வடசென்னைக்கும் அந்நாட்டிற்கும் தொடர்பு நெருங்கியது. 1960-களில் ஆங்கிருந்து திரும்பிய தமிழர் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினர். மண்டலையில் ஆண்ட மிண்டோன் அரசன் முன் ஆங்கிலத் தூதர் காலணி கழற்றித் தரையில் அமர்தலே வழக்கமாய் இருந்தது. 1875-இல் ஃபோர்சைத் என்பார் தூது சென்று மீண்ட பின்னர், இனித் தம் பிரதிநிதி கழற்றலாகாது என இந்திய அரசாங்கத்தார் விதித்தனர். அரசன் அதற்கு இசையவில்லை. அன்றுதொட்டு அரசனும் ஆங்கிலப் பிரதிநிதியும் நேர்முகமாய்க் கண்டு பேசுதல் நின்றது. 1885-இல் போர் மூண்டு அவ்வரசு அழிந்தது. போருக்கு வேறு காரணங்கள் பல உள. எனினும் முகம் பார்த்துப் பேசும் வழி அடைபட்டமை பகையை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. இந்தியர் தம்முன் கழற்றுதல் மரியாதை என்றவர், பர்மிய அரசன்முன் தாம் கழற்றுதல் அவமானம் என்றனர்! பின்னர்ப் பௌத்த ஆலயங்களில் வெள்ளையர் பூட்ஸோடு நடந்தமை கண்டு மக்கள் கொதித்தனர். 1919-இல் மண்டலையில் ஓர் ஆலயத்தில் துறவிகள் அவ்வாறு வந்தோரை விரட்டினர். அதன் தலைவராகிய துறவிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முடிவில், ஆலயத்துட் காலணி வேண்டும் வேண்டா என்பதனை அவ்வாலயத் தலைவரே தீர்மானிக்கலாம் என அரசாங்கம் இணங்கிற்று. வீட்டின் விதி வீட்டுக்காரனுடையது என்னும் எளிய உண்மையை ஒப்புக்கொள்ள இத்துணைக் காலம் சென்றது.

அன்னியரைக் குறைகூறி நிறுத்திக்கொள்வோமாயின் நம் கட்டுரை நடுநிலை பிறழ்ந்ததாகும். அன்னியர் தம் மாளிகையினுள் செய்ததனை நம் நாட்டார் ஊர்ப்பொதுத் தெருவிலேயே செய்தனர். 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரப் பகுதியில் ஆதிக்கம் பெற்றிருந்த ஒரு வகுப்பார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, முழங்காலுக்குக் கீழ் ஆடை உடுத்தலாகாது, சட்டை போடலாகாது என்று தொடங்கும் அத்தடைகளுள் எட்டாவது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலும் காலில் செருப்பு அணிதலும் கூடாது என்பது. மீறினோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் என்பார், 1946-இல் வெளிவந்த தம் நூலில் இத்தடைகளை வரிசைப்படுத்தி வைத்துள்ளார். சித்திரை வெயிலில் கொதிக்கும் மண்ணில் ஒரு மனிதனை வெறுங்காலோடு நடக்கச் செய்தற்கு மரியாதை என்று பெயரிட்டனர்!

இவை பழங்கதை என்று எண்ணற்க. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பெற்று 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பட்டியல் வகுப்பாரையும் பழங்குடியினரையும் பொதுவிடங்களிற் செருப்பு அணியவொட்டாமல் தடுத்தல் குற்றம் எனத் தெளிவாக எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. நோய் இல்லாத உடலுக்கு எவரும் மருந்து எழுதார்.

நம் குலத்தார் இவ்விழிவின் சுவையை அறியாதவர் அல்லர். மீன்கூடை சுமந்து நகரத் தெருக்களிற் சென்ற நம் தாய்மாரைப் பல வீட்டார் படிக்குக் கீழேயே நிறுத்தி, கை படாமல் காசை இட்டனர். அதே நகரத்தை 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்தபோது, சென்னைக் கடற்கரைக் குப்பத்து மீனவர் தம் படகுகளைத் தெருக்களிற் செலுத்தி, நீர் புகுந்த வீடுகளினின்று முதியோரையும் குழவிகளையும் மீட்டனர். அன்று சேற்றுக் காலோடு நடுவீடு புகுந்தவரை எவரும் தடுக்கவில்லை, கைகூப்பி வரவேற்றனர். ஒருவர் எதற்கு வருகிறார் என்பதே உள்ளே வருதற்குரிய தகுதி என்பதனை அவ்வெள்ளம் யாவர்க்கும் கற்பித்தது. நாமும் அதனை மறத்தலாகாது.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, நம் வீட்டில் விதி எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கழற்றுமாறு கேட்பதாயின், அதிகாரியிடத்தும் கேட்க வேண்டும். அதிகாரியை விடுவதாயின், வேலையாளையும் விட வேண்டும். வீட்டுத்தலைவரும் பிள்ளைகளும் முதலிற் கழற்றி வைத்தால் வந்தவருக்கு வாயாற் சொல்ல வேண்டுவதே இராது. பிறர் வீட்டிற்குச் செல்லும் நம் இளைஞர், அவர் கேட்குமுன் தாமே கழற்றல் வேண்டும். அது நம் தாழ்வன்று, நம் வளர்ப்பின் சிறப்பு.

இரண்டாவது, தொழில்மேல் வருவோரை இவ்விதியால் வருத்தலாகாது. எரிவாயு உருளையைத் தோளிற் சுமந்து வருபவரையும், நோயாளியைத் தூக்க வரும் ஆம்புலன்ஸ் ஊழியரையும், சாக்கடை அடைப்பை நீக்க வருபவரையும் வாயிலில் நிறுத்திக் கால்நோக்குதல் அறமன்று. தரையைப் பின்னர்க் கழுவிக்கொள்ளலாம். வாடிய முகத்தை அங்ஙனம் கழுவுதல் அரிது.

மூன்றாவது, நீரிழிவு நோயால் காலில் உணர்ச்சி குன்றிய பெரியோர் நம்மிடையே பலர் உளர். வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடத்தலாகாது என்று மருத்துவர் அவர்க்கு அறிவுறுத்துகின்றனர். சிறு முள் தைத்தாலும் தெரியாது புண்ணாகி, விரலையோ காலையோ இழக்க நேரிடும். அத்தகையோர் வீட்டிற்குள் மட்டும் அணியத் தூய மிருதுவான செருப்பு ஒன்று தனியே வைத்துக்கொள்ளல் வேண்டும். அவர் விருந்தாக வந்தால், கழற்றாமலே வாருங்கள் என நாமே முந்திக் கூறல் வேண்டும். குனிய இயலாதார்க்கு வாயிலில் ஒரு முக்காலி இடுதலும், கால் கழுவ நீர் வைத்தலும் பழைய செம்புநீர் உபசாரத்தின் இக்காலத்து உருவமாம்.

நான்காவது நம் சங்கத்தைப் பற்றியது. கூட்டம் நிகழும் மண்டபத்தில், உறுப்பினர் யாவரும் வெளியே செருப்பை விட்டுப் பாயில் அமர்ந்திருக்க, மேடையில் இருப்போர் மட்டும் சோடு அணிந்து அமர்தல் சில விடங்களிற் காணப்படுகின்றது. விளக்கேற்றி இறைவணக்கம் பாடும் மண்டபமாயின் மேடையும் அம்மண்டபத்தின் பகுதியே. தலைவர்க்கு ஒரு தரை, உறுப்பினர்க்கு ஒரு தரை என்பது 1854-ஆம் ஆண்டின் ஆணையை நாமே மீண்டும் பிறப்பித்தலை ஒக்கும். மேடையினர் முதலிற் கழற்றுக. அன்றேல் எல்லாரும் அணிந்திருக்க.

தானே விரும்பிக் கழற்றுவது பணிவு. அப்பணிவு கழற்றியவனை உயர்த்தும். தான் கழற்றாது பிறனை மட்டும் கழற்றச் செய்வது செருக்கு. அஃது அச்செருக்குடையானையே தாழ்த்தும். இவ்விரண்டனையும் பிரித்தறியாமையாலேயே முதியோரும் இளைஞரும் ஒருவரோடொருவர் மாறுபடுகின்றனர். முதியோர் காக்க விரும்புவது முன்னதை. இளைஞர் வெறுப்பது பின்னதை. முன்னதைக் காத்துப் பின்னதை விடுவோமாயின் இருவர்க்கும் வழக்கில்லை. நம் அன்பர்கள் இதனைத் தத்தம் இல்லத்தாரோடு கூடியிருந்து ஆராய்வாராக. நம் வாயில்கள் எவர்க்கும் இழிவு செய்யாதனவாய் விளங்குக! நம் குலம் ஓங்குக!